படம் முடிந்ததும் கேட்கும் கேள்விகள்: புரியாத வசனங்களும் குழப்பும் பாத்திரங்களும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் இரண்டு சனிக்கிழமை படம் போடுகிறோம். நீளமான வெள்ளைத் துணி ஒன்று, வாடகைக்கு எடுக்கும் புரொஜெக்டர், நாலைந்து பாய், அவ்வளவுதான் ஏற்பாடு. தெருக்காரர்கள் வருவார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பெரியம்மா வீட்டார் பஸ் ஏறி வந்துவிடுவார்கள். படம் முடிந்த பிறகு யாரும் உடனே எழுந்து போவதில்லை. "அவன் ஏன் அப்படிச் சொன்னான்?" என்று ஒருவர் ஆரம்பித்தால் பதினொரு மணி தாண்டிவிடும்.

இந்த ஆறு வருடத்தில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கதைமுடிவுகளை மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். பார்க்காத படமாக இருந்தால் அந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஒரு வசனம் புரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், அந்த நேரத்தில் அவருக்கு என்னவெல்லாம் தெரியும். இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். வசனத்தைத் தினசரிக் காலண்டர் தாளைப் போலத் தனியாகக் கிழித்து எடுத்து வைத்துக்கொண்டு அர்த்தம் தேடினால் கிடைக்காது.

'நாயகன்' (1987) படத்தில் "நீங்க நல்லவரா, கெட்டவரா?" என்று வேலு நாயக்கரிடம் கேட்கப்படுகிறது. "தெரியலையே" என்கிறார். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டது யார் என்று பாருங்கள். மகள் வயிற்றுப் பேரன், சின்னப் பையன். அதே விஷயத்தை மகள் சண்டையாகக் கேட்டபோது நாயக்கரிடம் பதில் இருந்தது. தன் பக்கத்து நியாயத்தை அடுக்கத் தெரிந்தவர் அவர். பையனிடம் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான். குற்றம் சாட்டினால் வாதாடலாம், சும்மா கேட்டால் எப்படி வாதாடுவது? இதே கேள்வியைப் போலீஸ்காரர் கேட்டிருந்தால் அந்த ஆள் "தெரியலையே" என்று சொல்லியிருக்கவே மாட்டார்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாத்திரம் பொய் சொல்லும், மறைக்கும், தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும். ஒருவர் வாயிலிருந்து வருவதை அப்படியே படத்தின் கருத்தாக எடுத்துக்கொள்வதால்தான் நம் குழப்பத்தில் பாதி வருகிறது.

'முள்ளும் மலரும்' கடைசியில் காளி தங்கையை இன்ஜினீயருக்கே கொடுத்துவிடுகிறான். அப்புறம் எதற்கு "இப்பவும் உங்களைப் பிடிக்கலை" என்கிறான்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1978இல் மகேந்திரன் எடுத்த படம். காளி, பெட்டியைக் கம்பி கட்டி இழுக்கும் விஞ்ச் இயந்திரத்தை இயக்குபவன், கை போனவன், வேலை போனவன். அதற்கெல்லாம் அந்த இன்ஜினீயர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருப்பவன். தங்கை வள்ளிக்கு அதே இன்ஜினீயரோடு கல்யாணம். ஊரே அவள் பக்கம் போய்விட்டது, காளியோடு ஒருவரும் இல்லை. கல்யாணத்துக்குப் போகும் வழியில் வள்ளி ஓடி வந்து அண்ணனிடம் நின்றுவிடுகிறாள்.

அவள் வந்து நின்ற அந்த நிமிஷத்தோடு காளிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தங்கைக்குத் தன்னைவிட யாரும் பெரிசு இல்லை என்று தெரிந்த பிறகு அவளை அனுப்பி வைக்க அவனுக்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் இன்ஜினீயரைப் பிடித்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். காளிக்குப் பொய் சொல்ல வராது. படம் முழுக்க அவன் மேல் நமக்குக் கோபம் வருவதும் அதனால்தான், கடைசியில் கண் கலங்குவதும் அதனால்தான். எனக்குப் பிடிக்கவில்லை, என் தங்கைக்குப் பிடித்திருக்கிறது, அது போதும் என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கொடுக்கிறான். மனம் திருந்தி மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழும் அண்ணனை எத்தனையோ படத்தில் பார்த்திருக்கிறோம். இவன் திருந்தவில்லை. திருந்தாமலேயே விட்டுக்கொடுக்கிறான்.

அந்த இடத்திலும் "சார்" என்றுதான் சொல்கிறான். அதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

'லைஃப் ஆஃப் பை' நம்ம ஊர்க் கதை. ஆனால் கடைசியில் சொல்லும் இரண்டு கதைகளில் எது உண்மை?

மாடியில் அதிக நேரம் சண்டை நடந்தது இந்தப் படத்துக்குத்தான். யான் மார்டெல் 2001இல் எழுதிய நாவலை ஆங் லீ 2012இல் படமாக எடுத்தார். கப்பல் மூழ்கி, 227 நாள் உயிர்காக்கும் படகில் ஒரு வங்கப் புலியோடு மிதந்து, மெக்சிகோ கரையில் ஒதுங்குகிறான் புதுச்சேரிப் பையன் பை. விசாரிக்க வந்த ஜப்பானியர்கள் புலிக் கதையை நம்பவில்லை. அதனால் இன்னொரு கதை சொல்கிறான். அதில் விலங்குகளே இல்லை, நான்கு மனிதர்கள்தான்.

யார் யாருக்குப் பதில் யார் என்பதை, பையின் கதையைக் கேட்க வந்த எழுத்தாளர் படத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். கால் உடைந்த வரிக்குதிரை, கால் உடைந்த மாலுமி. கழுதைப்புலி, கப்பலின் சமையல்காரன். உராங்குட்டான், பையின் அம்மா. புலி, பை. சமையல்காரன் மாலுமியையும் அம்மாவையும் கொல்கிறான், பை சமையல்காரனைக் கொல்கிறான்.

இரண்டு கதையிலும் கப்பல் ஏன் மூழ்கியது என்பதற்கு விடை இல்லை. இரண்டிலும் பையின் குடும்பம் போய்விட்டது. எதையும் நிரூபிக்க முடியாது. எது பிடித்திருக்கிறது என்று பை கேட்கிறான், புலிக் கதைதான் என்கிறார் எழுத்தாளர். கடவுள் விஷயமும் அப்படித்தான் என்று பை முடித்துவிடுகிறான்.

என் கருத்தைக் கேட்டால், இரண்டாவது கதைதான் நடந்தது. காரணம், பையின் அப்பா முன்பாதியில் சொல்லும் ஒரு வசனம். புலியோடு சிநேகம் பிடிக்கப் போன பையனை இழுத்து வந்து, புலி ஆட்டை அடிப்பதைப் பார்க்க வைப்பாரே, அந்த இடம். அதன் கண்ணில் நீ பார்ப்பது உன் மனசுதான், உன்னுடைய உணர்ச்சியே உனக்குத் திரும்பத் தெரிகிறது என்கிற மாதிரி சொல்வார். அப்போது அது ஒரு கண்டிப்பான அப்பாவின் பேச்சாக மட்டும் நம் காதில் விழுகிறது. கடைசிக் காட்சிக்குப் பிறகு யோசித்தால், புலியே பைதான் என்பதற்கு அந்த வசனமே சாவி. சொல்பவருக்குத் தான் என்ன சொல்கிறோம் என்று முழுதாகத் தெரியாது. இப்படி, சொல்லும் ஆளைத் தாண்டிக் கதைக்கு அர்த்தம் கொடுக்கும் வசனங்கள் வேறு படங்களிலும் உண்டு. அவற்றை இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் பிடிக்க முடிகிறது.

பக்கத்து வீட்டு அக்கா இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். "அந்தப் புள்ள புலியோடதான் வந்தான், நீ சும்மா இரு" என்பார். அவர் சொல்வதைப் பொய் என்று காட்ட என்னிடமும் ஒன்றும் இல்லை.

சரி, புலிக்கு ஏன் ரிச்சர்ட் பார்க்கர் என்று மனுஷன் பெயர்?

காகிதத்தில் நடந்த தவறு. குட்டியைப் பிடித்த வேட்டைக்காரரின் பெயர் ரிச்சர்ட் பார்க்கர். குட்டிக்கு அவர் வைத்த பெயர் 'தாகம்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல். விற்பனைச் சீட்டில் இரண்டும் இடம் மாறிவிட்டன. சிரிப்புக்காக வருவது போலத் தெரியும் இந்தத் தகவல், மனிதனும் விலங்கும் இடம் மாறப்போவதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. பையின் முழுப் பெயர் பிசின் மோலிட்டோர். பாரிஸில் உள்ள ஒரு நீச்சல் குளத்தின் பெயர் அது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைச் சிறுநீர் கழிப்பதற்கான ஆங்கிலச் சொல்லாக மாற்றிக் கிண்டல் செய்ததால்தான் அவன் 'பை' ஆனான். தமிழில் மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த இடம் புரியாமல் போவது அவர்கள் தவறில்லை.

இன்னும் ஒன்று. தாவரவியல் பூங்காவில் அந்த மிருகக்காட்சி சாலை எங்கே இருந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். பூங்கா உண்மையானது, 1826இலிருந்து இருக்கிறது. கதையில் வரும் அந்த மிருகக்காட்சி சாலை நாவலாசிரியரின் கற்பனை. படத்தின் கடலும் நம் கடல் இல்லை. தைவானில் தைச்சுங் நகரத்தின் பழைய விமான நிலையத்தில் கட்டிய பெரிய அலைத்தொட்டி அது.

'தசாவதாரம்' படத்தில் கமல்ஹாசனின் பத்து வேடத்துக்கும் பத்து அவதாரத்துக்கும் பொருத்தம் சொல்கிறார்களே, அது சரியா?

ரசிகர்கள் போட்ட பட்டியல் ஒன்று 2008இல் படம் வந்த நாளிலிருந்தே சுற்றிக்கொண்டிருக்கிறது. கடலுக்குள் போகும் ரங்கராஜன் நம்பி மச்சம். மிக உயரமான கலிஃபுல்லா, உலகளந்த வாமனன். ஜப்பானியரின் பெயரான ஷிங்கென் நரஹசியைப் பிரித்து மாற்றினால் நரசிம்மம். பல்ராம் நாயுடு பெயரிலேயே பலராமன். இவையெல்லாம் பொருந்துகின்றன, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்தப் பட்டியல் வின்சென்ட் பூவராகனைக் கிருஷ்ணன் என்றும், கிருஷ்ணவேணிப் பாட்டியை வராகம் என்றும் வைக்கிறது. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது உடனே இடிக்கும். எங்கள் ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் பெருமாளின் பெயரே பூவராக சுவாமி. பன்றி வடிவெடுத்துப் பூமியை மீட்டவர். அந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒரு பூவராகன் இருப்பார். படத்தில் வரும் பூவராகன் எதற்காகச் சண்டை போடுகிறார்? மணலுக்காக. மண்ணைத் தோண்டி விற்பவர்களுக்கு எதிராக நிற்கும் ஆளுக்கு, பூமியை மீட்ட சுவாமியின் பெயர். இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்? கிருஷ்ணவேணி என்ற பெயரில் கிருஷ்ணன் இருக்கிறான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரைப் பார்த்தால் ஒரு பொருத்தம், செய்கையைப் பார்த்தால் வேறொரு பொருத்தம். ஊரையே கொல்லக்கூடிய கிருமி இருக்கும் குப்பியைப் பாட்டி பெருமாள் சிலைக்குள் ஒளித்து வைப்பதைப் பூமியை மறைத்ததோடு ஒப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். ஒரே பட்டியலுக்குள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

எனக்கு அந்தப் பட்டியலைவிட, சுனாமிக்குப் பிறகு பாட்டி பூவராகனின் உடலைத் தன் மகன் ஆராவமுதன் என்று நினைத்துக் கட்டிக்கொண்டு அழும் இடம்தான் முக்கியம். அக்கிரகாரத்துப் பாட்டி, சேரியில் பிறந்த பிள்ளை. புத்தி தெளிவாக இருந்தால் அவள் தொட்டிருப்பாளா என்ற கேள்வியைப் படம் வாய்விட்டுக் கேட்காமல் அங்கேயே வைத்துவிட்டுப் போகிறது.

அந்தப் படத்தின் கடைசி வசனம், "கடவுள் இல்லைன்னு சொல்லலை, இருந்தா நல்லா இருக்கும்" என்பது நாத்திகமா, ஆத்திகமா?

நாயகன் கோவிந்த் இதை யாரிடம் சொல்கிறான் என்று பாருங்கள். ஆண்டாள் பெருமாளையே உலகமாக நினைக்கும் பெண். அலை வந்து உப்புத் தண்ணீரால் கிருமியை அழித்துவிட்டது, இது பெருமாள் செயல் என்று அவள் நம்புகிறாள். சுற்றிலும் பிணங்கள் கிடக்கின்றன. "இல்லை" என்று சொன்னால் அவள் நம்பிக்கையை உடைத்ததாகும். "இருக்கிறார்" என்று சொன்னால், இத்தனை பேரைக் கொன்றவரும் அவர்தான் என்றாகும். அதனால் இரண்டையும் சொல்லாமல் ஆசையை மட்டும் சொல்கிறான்.

கடலூர் மாவட்டத்தில் 26 டிசம்பர் 2004 அன்று அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாங்கள் படம் போட்ட அன்று தேவனாம்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா, அலை எழும் காட்சியிலேயே இறங்கிக் கீழே போய்விட்டார். வசனம் வரும்போது படிக்கட்டில் நின்று கேட்டிருக்கிறார். "அவன் சொல்றது சரிதான். இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். வசனத்தை ஒரு காலம் தள்ளிச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அந்த வசனத்தை விளக்க என்னால் முடியாது.

பக்கத்துக் கேள்வி ஒன்று: படத்தின் ஆரம்பத்தில் கடலில் போட்ட சிதம்பரம் கோவிந்தராஜர் இப்போதும் கோயிலில் இருக்கிறாரே? இருக்கிறார். நடராஜரையும் கோவிந்தராஜரையும் ஒரே இடத்தில் நின்று சேவிக்கலாம். சோழ அரசன் குலோத்துங்கன் மூலவரைக் கடலில் எறிந்தான் என்பது வைணவ மரபு சொல்வது. 16ஆம் நூற்றாண்டில் விஜயநகர அரசர் அச்சுததேவராயர் காலத்தில் மறுபடி பிரதிஷ்டை ஆனது. நம்பி என்ற மனிதரும் அவரோடு வரும் சம்பவங்களும் படத்துக்காக உருவாக்கியவை.

ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும் படங்களில் யாரை நம்புவது?

இதுபோன்ற படம் வந்தாலே 'ரஷோமோன்' மாதிரி என்று சொல்லிவிடுகிறார்கள். அகிரா குரோசாவாவின் அந்த 1950 படத்தில் உண்மை கடைசிவரை தீர்மானமாவதில்லை. தமிழில் வந்தவை அப்படி இல்லை.

'அந்த நாள்' (1954) வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டே இல்லாத தமிழ்ப் படம் என்று அன்றைக்கு அதிசயமாகப் பேசப்பட்டது. ஜப்பான் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபரில் கதை நடக்கிறது. ரேடியோ இன்ஜினீயர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறார். அக்கம்பக்கத்தாரும் உறவினர்களும் ஒருவர் மாற்றி ஒருவரைக் கைகாட்டுகிறார்கள். ஆனால் முடிவில் உண்மை தெரிந்துவிடுகிறது. அவர் நாட்டைக் காட்டிக்கொடுத்த துரோகி, குண்டு பாய்ந்தது மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து. அங்கே ஒவ்வொரு சாட்சியும் சொல்வது ராஜனைப் பற்றியதைவிடத் தங்களைப் பற்றியதுதான். ஒருவருக்குச் சொத்துத் தகராறு மனசில் இருக்கிறது, இன்னொருவருக்கு வேறு வயிற்றெரிச்சல். அதைத்தான் அவர்கள் கண்கள் பார்த்திருக்கின்றன.

'விருமாண்டி' (2004) இன்னும் நேரடியானது. சிறையில் பேட்டி எடுக்கும் ஏஞ்சலாவிடம் முதலில் கொத்தாளத் தேவர் சொல்கிறார், பிறகு விருமாண்டி சொல்கிறான். படம் விருமாண்டியின் பக்கம்தான் நிற்கிறது. கொத்தாளன் சொல்வது பொய். ஆனால் முதலில் கேட்ட கதை நம் மனசில் உட்கார்ந்துகொண்டு இரண்டாவதைச் சந்தேகப்பட வைக்கிறது. இரண்டு முறையும் வரும் ஒரே காட்சியில் யார் முதலில் கை ஓங்குகிறார்கள், யார் எந்தத் தொனியில் பேசுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பொய் எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று தெரியும்.

'உதிரிப்பூக்கள்' முடிவில் அந்தக் கெட்டவன் ஊராருக்கு அறிவுரை சொல்கிறானே, அவனுக்கு என்ன தகுதி?

தகுதி இல்லை, அதனால்தான் அது வலிக்கிறது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து மகேந்திரன் 1979இல் எடுத்த படம். சுந்தரவடிவேலுவை ஊரே சேர்ந்து ஆற்றில் இறங்கிச் சாக வைக்கிறது. இத்தனை நாள் நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன், நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான் என்கிறான். திருந்தி விட்டானா, கடைசியாக ஒரு முறை அவர்களைக் குத்துகிறானா? இரண்டும் சேர்ந்தே இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. பிறரை வருத்திப் பார்ப்பதே அவன் குணம். அவன் சொன்னதும் உண்மை. கரையில் நிற்கும் அவன் குழந்தைகளைப் பாருங்கள், அந்த வசனம் யாருக்கு விழ வேண்டியது என்று தெரிந்துவிடும்.

பிரான்சில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் படத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்றே புரியவில்லை. கதாநாயகி ஏன் காதலனை "மாமா" என்கிறாள்?

புதுச்சேரியில் பாதி வீட்டுக்குப் பிரான்சில் உறவு உண்டு. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ கீழே ஓடும் எழுத்தைப் படித்துவிட்டு முகம் சுளிப்பார்கள். காதலனைப் போய்ப் பெரியப்பா, சித்தப்பா வயசுக்காரரைக் கூப்பிடும் சொல்லால் அழைக்கிறாளே என்று.

அம்மாவின் தம்பி மாமா. அத்தையின் கணவரும் மாமா. மாமனாரும் மாமா. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும் வழக்கம் இருந்த குடும்பங்களில் கணவனும் மாமாதான். அதனால் "மாமா" என்ற சொல்லுக்குள்ளேயே 'கட்டிக்கொள்ளும் முறை உள்ளவன்' என்ற அர்த்தம் இருக்கிறது. ஒரு பெண் முதல்முறை ஒருவனை அப்படிக் கூப்பிட்டால் அவள் காதலைச் சொல்லிவிட்டாள் என்று கணக்கு. "அண்ணே" என்று கூப்பிட்டால் கதவைச் சாத்திவிட்டாள். நம் படங்களில் பாதி நகைச்சுவை இந்த "அண்ணே"யில் நடக்கிறது. "மச்சான்" கேட்டால் நண்பனா, அக்கா புருஷனா, மனைவியின் தம்பியா என்று முன்பின் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். "பங்காளி" என்றால் சொத்தில் பங்கு உள்ளவன். சிரித்துக்கொண்டு பேசினாலும் கிராமத்துப் படத்தில் அவனைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள்.

இதைவிட நுட்பமானது நீ, நீங்க. கணவனை "நீங்க" என்று அழைத்துவந்தவள் சண்டையின் நடுவில் "நீ" என்று மாறும் அந்த ஒரு எழுத்து, பத்து வரி வசனத்துக்குச் சமம். முதலாளியிடம் "சார்" போட்டுக்கொண்டே எதிர்த்துப் பேசும் தொழிலாளி வேறு, "சார்" விழுந்த பிறகு பேசும் தொழிலாளி வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். பிரெஞ்சில் இந்த வித்தியாசம் இருக்கிறது, ஆகவே பிரான்சுப் பிள்ளைகளுக்கு இதை மட்டும் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். என் அத்தை பேரன் இப்போது எழுத்தைப் பார்க்காமல் இந்த மாற்றத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறான்.

கதைக்குச் சம்பந்தமே இல்லாத காமெடியன் எதற்கு?

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராது. நம் கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கூத்தில் முதலில் மேடைக்கு வருபவன் கட்டியங்காரன். ராஜா வருகிறார் என்று அறிவிப்பான். ராஜாவிடமே "ஐயா, நீங்க யாரு, எங்கேயிருந்து வர்றீங்க?" என்று கேட்டு அவர் கதையை அவர் வாயாலேயே வரவழைப்பான். துரியோதனன் ஆவேசமாகப் பேசும்போது ஊர் பஞ்சாயத்துத் தலைவரைக் கிண்டல் அடிப்பான். அவன் கதைக்குள்ளும் இருக்கிறான், நம் பாயிலும் உட்கார்ந்திருக்கிறான். பெரிய பாத்திரத்திடம் நாம் கேட்க முடியாததைக் கேட்பதுதான் அவன் வேலை.

நாடகத்திலிருந்து வந்த தமிழ் சினிமா அந்த ஆளைக் கூடவே கூட்டி வந்துவிட்டது. தமிழ் நாடகத்துக்கு வரம்பு கட்டிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் இறந்தது நம் புதுச்சேரியில்தான். கருவடிக்குப்பத்தில் நினைவிடம் இருக்கிறது, ஒரு முறை போய் வாருங்கள். கதாநாயகனின் நண்பனாக வரும் காமெடியன் "ஏண்டா இப்படிப் பண்றே?" என்று கேட்கும்போது அது கட்டியங்காரனின் கேள்விதான். அந்தக் கேள்வியால்தான் நாயகனின் மனசு நமக்குத் தெரிகிறது.

தனியாக எழுதிச் சேர்த்த நகைச்சுவைப் பகுதிகளும் உண்டு. அவற்றைக் கதையோடு கட்டிப் பார்க்க வேண்டாம். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சி ஏ. வீரப்பன் எழுதியது. கதையிலிருந்து எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். ஆனால் இன்னொரு வாழைப்பழம் எங்கே என்று கேட்டவன் எப்படி மடக்கப்படுகிறான் என்று இன்றைக்கும் கடைத்தெருவில் மேற்கோள் காட்டுகிறோம்.

சென்னைத் தமிழ் புரியவில்லை.

காதில் விழ விழப் பழகிவிடும். பல சொற்களுக்கு நல்ல வேர் இருக்கிறது. "கஸ்மாலம்" அழுக்கு என்ற வடசொல். "பேமானி" நேர்மையற்றவன், உருதுவிலிருந்து வந்தது. "சாவுகிராக்கி"யில் கிராக்கி என்றால் வாடிக்கையாளர், சவாரி. நம் ஊரிலும் வெளியூர்க்காரருக்குப் புரியாத சொற்கள் இருக்கின்றன. பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கும் எங்கள் தெருத் தாத்தாவைச் "சொல்தா" என்றால் கடலூரிலிருந்து வருபவர்களே விழிக்கிறார்கள்.

உதடு ஒன்று பேசுகிறது, குரல் வேறு ஒன்று சொல்கிறது. ஏன்?

இரண்டு காரணம். ஒன்று, தணிக்கை. ஒரு சொல்லை எடுக்கச் சொன்னால் ஒலியை மட்டும் நிறுத்துவார்கள், உதடு அசைந்துகொண்டிருக்கும். சில சமயம் வேறு சொல்லைப் பேசி ஒட்டிவிடுவார்கள். இரண்டு, குரல் கொடுப்பவர் வேறு ஆள். மோகனுக்குப் பல படங்களில் குரல் கொடுத்தது எஸ். என். சுரேந்தர். '96' படத்தில் த்ரிஷாவுக்குச் சின்மயி. நம் புதுச்சேரியில் நடக்கும் 'நானும் ரௌடிதான்' (2015) படத்தில் நயன்தாரா தன் சொந்தக் குரலில் பேசினார். காது கேளாத காதம்பரிக்கு அந்தச் சொந்தக் குரல் ஒரு தனி ஒட்டுதலைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தால், பேசுபவர் முகத்தை அவள் எப்போது பார்க்கிறாள், எப்போது பார்க்கவில்லை என்று கவனியுங்கள். பார்க்காதபோது சொல்லப்படுபவை நமக்கு மட்டும்தான்.

'மூன்றாம் பிறை'யில் சீனு ஏன் தன் பெயரைச் சொல்லவில்லை? அடுத்த ரயிலைப் பிடித்துப் போயிருக்கலாமே?

இதைக் கேட்டது ஏழாவது படிக்கும் எதிர்வீட்டுப் பையன். படம் 1982இல் வந்தது. நினைவு தவறிக் குழந்தையாகிவிட்ட பெண்ணை நீலகிரியில் வைத்துப் பார்த்துக்கொள்கிறான் ஆசிரியன் சீனு. குணமானதும் அவளுக்கு அந்த நாட்கள் நினைவில் இல்லை. ரயில் கிளம்புகிறது. அவன் தலையில் பானையை வைத்துக்கொண்டு குரங்கு போல ஆடிக் காட்டுகிறான். யாரோ பைத்தியம் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

பெயரைச் சொல்லி என்ன பயன் என்று முதலில் பதில் சொன்னேன். பையனுக்கு அது போதவில்லை. "சொல்லிப் பாத்திருக்கலாம்ல?" என்றான். பிறகு யோசித்தோம். சீனுவுக்கும் அவளுக்கும் நடுவே இருந்த பேச்சு அதுதான். அவளைச் சிரிக்க வைத்தது அந்தக் குரங்கு வேடிக்கை, அவன் பெயர் இல்லை. தன்னை யார் என்று காட்ட அவனிடம் இருந்த ஒரே அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். அதைப் படிக்கத் தெரிந்தவள் அந்த ரயிலில் இல்லை. விஜி என்று அவன் கூப்பிட்டவள் போய்விட்டாள், ஜன்னலோரம் இருந்தது பாக்கியலட்சுமி.

பையன் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப அவனுக்கும் அவளைத் தெரியாதுதானே?" என்றான். பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் மறுபடி உட்கார்ந்துவிட்டோம்.